சோப்புக் குழம்பு முந்திக் கெட்டிப்படுவது ஏன்?

அடுப்பில் காய்ச்சாமல், எண்ணெயும் காரநீரும் கலந்து சோப்புச் செய்யும் குளிர்முறையை மேற்கொண்ட அங்கத்தினர்கள் பலர் நம்மிடம் ஒரே குறையைக் கூறி வருகின்றனர். காரநீரை ஊற்றிக் கடையத் தொடங்கிய சிறிது நேரத்திற்குள் குழம்பு இறுகிவிடுகிறது. வார்ப்பதற்கு முன்பே களியாகி மத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்புகிறது. அள்ளி அச்சில் அடைத்தால் பொந்தும் பிளவுமாக நிற்கிறது. அங்கத்தினர் ஒருவர், "எங்கள் கைராசி அப்படி" என்று சலித்துக்கொண்டார். ஒரு முறை கலக்கும் எண்ணெய் பல கிலோவாக இருக்கும்போது இந்தச் சலிப்பு நியாயமானதே. ஆயினும் கைராசிக்கு இதில் இடமில்லை. காரணங்கள் ஐந்தாறுதான் உண்டு. அவற்றுள் எது என்று கண்டறியவும் வழி இருக்கிறது.

பதம் என்பது யாது?

பாவுக்குக் கஞ்சி காய்ச்சிப் பழகியவர்களுக்குப் பதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. மத்தைத் தூக்கிக் குழம்பின் மீது சொட்டவிட்டால், விழுந்த கோடு உடனே மறையாமல் சற்று நேரம் மேலே நிற்க வேண்டும். அதுவே வார்க்கும் பதம். மரத்துடுப்பினால் கையாற் கிண்டினால் இப்பதம் வர அரைமணி நேரமும் ஆகலாம், ஒருமணிக்கு மேலும் ஆகலாம். இந்நாளில் பலரும் வாங்கி வைத்திருக்கும் மின்சார மத்தினால் அது சில நிமிஷங்களிலேயே வந்துவிடும். ஆகையால், மின்சார மத்தை உபயோகித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் பதம் வந்துவிட்டதே என்று அஞ்ச வேண்டா. வார்ப்பதற்கு நேரம் கொடாமல், பதத்தைக் கடந்து களியாகிவிடுவதே நாம் இங்குக் கவனிக்கும் கோளாறு.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு எண்ணெயின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் என்பது பெரும்பாலும், மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்து நிற்கும் பொருளாகும். பிரெஞ்சு ரசாயன அறிஞர் செவ்ரேல் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1823-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கொழுப்புக்களின் இயல்பை விளக்கினார். காரநீர் அந்தப் பிணைப்பை அறுத்து, அமிலத்தோடு தான் சேர்ந்து சோப்பாகிறது. கிளிசரின் தனியே நிற்கிறது. பிணைப்பை அறுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. எண்ணெயும் நீரும் ஒட்டாத பொருள்கள் ஆதலால், தொடக்கத்தில் அவை ஒன்றையொன்று தொடும் இடமும் குறைவு. ஆனால் சிறிதளவு சோப்பு உண்டாகிவிட்டால், அந்தச் சோப்பே எண்ணெயை நுண்துளிகளாக்கி நீரில் கலக்கச் செய்கிறது. கலப்பு நெருங்க நெருங்கச் சோப்பு மேலும் விரைவாக விளைகிறது. மெதுவாகத் தொடங்கிப் பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாய்வது இக்காரணத்தினால்தான். ஆகவே, தொடக்கத்திலேயே மிகுதியான சோப்பை உண்டாக்கும் எதுவும் குழம்பை முந்திக் கெட்டிப்படுத்தும் என்று கொள்ளலாம்.

காறிய எண்ணெய்

அப்படிப்பட்டவற்றுள் முதலாவது எண்ணெயில் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலம். சிக்கு விழுந்த சிட்டத்தைப் பிரித்துத் தாரில் ஏற்றப் பொழுது செல்லும். பிரித்து வைத்த நூலோ உடனே ஏறிவிடும். அதுபோலவே, கிளிசரினை விட்டுப் பிரிந்த அமிலம் காரநீர் பட்ட கணமே சோப்பாகிவிடுகிறது. நூற்றுக்கு ஓரிரு பங்கு இருந்தால் தொல்லையில்லை. பத்துப் பங்குக்கு மேற்பட்டால், ஊற்றிய இடத்திலேயே குருணை குருணையாகத் திரள்வதைக் காணலாம்.

நம் பக்கத்து எண்ணெய்களில் இக்குற்றத்திற்கு மிகவும் ஆளாவன வேப்பெண்ணெய், இலுப்பை எண்ணெய், புங்க எண்ணெய், சுத்திகரிக்காத தவிட்டெண்ணெய் ஆகியவை. தவிட்டில் எண்ணெயைப் பிளக்கும் நொதி ஒன்று இயற்கையாகவே உண்டு. நெல்லை அரைத்துத் தவிடு பிரிந்தவுடன் அது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. நாட்கணக்கில் குவித்து வைத்த தவிட்டின் எண்ணெயில் அமிலம் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. வேம்பின் கதை வேறு. ஆனி, ஆடி மாதங்களில் பழம் உதிரும். அப்போது பெய்யும் சிறு மழையில் நனைந்த பழத்தைச் சதை நீக்காமல் குவித்து வைத்தால், குவியலுக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கிறது. பூசணம் பிடித்த பருப்பை ஆட்டினால் கிடைக்கும் எண்ணெய், செக்கிலிருந்து இறங்கும்போதே கெட்ட எண்ணெய்தான். பழத்தை அன்றன்றே பிசைந்து கழுவிச் சதையை நீக்கி, விதையை நன்றாக உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் ஈரம் படாமல் வைத்து ஆட்டிய எண்ணெயையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. வேப்பெண்ணெயின் இயற்கை நாற்றம் சிக்கு வாடையை மூடிவிடும். காரநீர்தான் காட்டிக்கொடுக்கும்.

காரநீர் காட்டிக்கொடுக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட ரசாயன அறையில் உள்ள பொருள்களைக் கொண்டே எண்ணெயைச் சோதிக்கலாம். 4 கிராம் காஸ்டிக் சோடாவை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு கண்ணாடிக் குடுவையில் 50 மில்லி எரிசாராயம் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சற்றே வெதுவெதுப்பாக்கி, பினால்ப்தலீன் சில துளிகள் விட்டு, வெளிறிய ரோஜா நிறம் தோன்றும் வரையில் மட்டும் அந்தச் சோடா நீரைச் சொட்டவிட வேண்டும். எரிசாராயம் எளிதில் தீப்பற்றுவது. அருகே அடுப்பு கூடாது. பிறகு 2.82 கிராம் எண்ணெயை அதில் இட்டுக் குலுக்கினால் நிறம் மறையும். மறுபடியும் ரோஜா நிறம் தோன்றி அரை நிமிஷம் நிற்கும் வரையில் சோடா நீரை அளந்து சொட்டவிட வேண்டும். எத்தனை மில்லி சென்றதோ, ஒலீயிக் அமிலக் கணக்கில் நூற்றுக்கு அத்தனை பங்கு அமிலம் அந்த எண்ணெயில் உண்டு. வேப்பெண்ணெயின் கருநிறம் கண்ணை ஏமாற்றும். குலுக்கிவிட்டுச் சிறிது நிறுத்தி, தெளிந்த சாராயப் பகுதியைப் பார்த்து நிறத்தை முடிவு செய்ய வேண்டும்.

அமிலம் மிகுந்த எண்ணெய்க்குச் சோடாவைக் கூட்டிப் போட வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். இது பிழை. ஓர் எண்ணெயைச் சோப்பாக்கத் தேவையான சோடாவின் அளவிலே பிரிந்த அமிலத்தின் பங்கும் அடங்கியிருக்கிறது. கூட்டிப் போட்டால் மிஞ்சிய சோடா சோப்பிலேயே தங்கும். அத்தகைய எண்ணெயைக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்கிக்கொள்வதும், அதற்கு மேற்பட்டதைக் காய்ச்சும் முறைக்கு ஒதுக்கிவிடுவதுமே சரி. காய்ச்சும் முறையில் குழம்பு விரைவாகக் கெட்டிப்படுவதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

விளக்கெண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுரை நன்றாக நிற்கும் என்று அதனை அள்ளி ஊற்றுவோர் உண்டு. எண்ணெய் நல்லதாயினும், பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் அதுவும் குழம்பை விரைவுபடுத்தும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவை நிதானமானவை. கைப்பழக்கம் வராதவர்கள் கலவையில் இவற்றுக்கு இடங்கொடுப்பது நலம்.

காரநீரின் வலிமை

இப்பகுதியில் நாமே செய்த பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம், நம் சோப்புக் கூடத்தில் காரநீர் பெரிய தொட்டியில் தயாராயிற்று. பழைய சோப்புத் தொழிலாளர் வழக்கப்படி அதன் வலிமையைப் போமே திரவமானியால் அளந்தோம். 38 டிகிரி வேண்டும். 35 தான் காட்டிற்று. சோடாவைக் கூட்டினோம். இன்னும் ஒரு முறை கூட்டினோம். 38 வந்ததும் நிறுத்தி, ஆறவிட்டு, மறுநாள் படியால் அளந்து எண்ணெயில் ஊற்றினோம். குழம்பு மத்தைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குத்தான் புதிதாக ஒரு வெட்டிவேர் வாசனை சேர்த்திருந்தோம். ஆகவே, வாசனையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, இறுகிய சோப்பை அச்சில் திணித்து, நான்கு வாரம் காயவைத்து அங்கத்தினர்களுக்குக் கொடுத்துவிட்டோம்.

தறியில் உட்காருமுன் கைகழுவுவது நெசவாளர் வழக்கம். ஒரு வாரம் கழித்து, தார் சுற்றும் அம்மையார் ஒருவர் பாதி தேய்ந்த சோப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, தம் கையை விரித்துக் காட்டினார். விரல்நுனிகள் வறண்டு வெடித்திருந்தன. பட்டு இழை அந்த வெடிப்பில் சிக்கிச் சிக்கி அறுகிறது என்றார். மற்ற வீடுகளிலும் விசாரித்தோம், நிலைமை அதுவே. பட்டு நெய்பவரின் விரல்நுனி கெட்டால் அன்றைய கூலி கெட்டது என்று பொருள். எஞ்சிய சோப்பு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

பிழை திரவமானியில் இல்லை. அளந்த வேளையில்தான் இருந்தது. சோடா கரையும்போது நீர் கொதிநிலையை நெருங்கச் சூடாகும். சூட்டில் கரைசல் விரிந்து இலேசாகிறது. ஆகையால் திரவமானி இரண்டு மூன்று டிகிரி குறைத்தே காட்டும். ஆறிய பின் அதே கரைசல் 38 காட்டியிருக்கும். நாம் கூட்டிய சோடா அனைத்தும் மிகை. குழம்பு முந்திக் கெட்டிப்பட்டது அந்த மிகையினால்தான். நான்கு வாரத்திற்கு முன்பே அது நமக்கு அறிவித்துவிட்டது, நாம்தான் வாசனையைக் குறை கூறிக்கொண்டிருந்தோம்.

அன்று முதல் நம் கூடத்தில் காரநீரைப் படியால் அளப்பதில்லை. சோடாவையும் நீரையும் எண்ணெயையும் தராசில் நிறுத்தே எடுக்கிறோம். ஓர் உதாரணம் கூறுவோம். தேங்காயெண்ணெய் 500 கிராம், தவிட்டெண்ணெய் 250, நல்ல வேப்பெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50, ஆக ஒரு கிலோ எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். (வேப்பெண்ணெயின் அமிலம் நூற்றுக்கு மூன்றுக்குள் இருந்தால்தான் இவ்வளவு சேர்க்கலாம்.) ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம் சோடா வேண்டும், தவிட்டெண்ணெய்க்கு 0.133, வேப்பெண்ணெய்க்கு 0.139, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 159 கிராம் ஆகிறது. தோலுக்குப் பாதுகாப்பாக நூற்றுக்கு ஐந்து குறைத்து 151 கிராம் எடுக்க வேண்டும். இதனை 300 கிராம் நீரில் கரைத்தால் மூன்றில் ஒரு பங்கு சோடாவுள்ள காரநீர் கிடைக்கும். குழம்பு விரைந்து கெட்டிப்படுகிறது என்று கண்டவர்கள், அடுத்த தடவை சோடாவைத் தொடாமல், நீரை மட்டும் 350 முதல் 390 கிராம் வரையில் உயர்த்தலாம். காரநீர் இளகியிருந்தால் குழம்பு நிதானப்படும். சோப்பு அச்சில் இறுக ஓரிரு நாள் கூடுதலாகும், காயும்போது சற்று அதிகமாகச் சுருங்கும், அவ்வளவே.

சோடாவைத்தான் நீரில் போட வேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் இல்லாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. பிள்ளைகள் அருகில் இருக்கலாகாது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துத் தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும், எவர்சில்வரே ஏற்றது. கையில் பட்டால் நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

சூடு, கடைசல், வாசனை

கோடையில் நம் ஊர்க் கொட்டகைகளில் எண்ணெய் தானாகவே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். அதில் அரைகுறையாக ஆறிய காரநீரை ஊற்றினால் குழம்பு நிற்காது. காரநீரை முதல் நாள் மாலையிலேயே கரைத்து மூடிவைத்து, விடியற்காலையில் கலப்பதே இதற்கு மருந்து. மின்சார மத்தைத் தொடர்ந்து ஓட்டுவதும் இதே தவற்றைச் செய்யும். ஐந்து விநாடி ஓட்டி, நிறுத்தி, அதனையே துடுப்பாகக் கொண்டு அரை நிமிஷம் கையால் கிண்டிப் பார்த்து, தேவையானால் மீண்டும் ஓட்ட வேண்டும்.

வாசனைப் பொருள்களில் கிராம்புத் தைலம் பெயர்பெற்ற குற்றவாளி. அதிலுள்ள யூஜினால் என்னும் பொருள் காரத்தோடு சேரும் இயல்புடையது. சில விநாடிகளில் குழம்பைக் கட்டியாக்கிவிடும். இலவங்கத் தைலமும் அதன் உறவுதான். ரோஜா, மல்லிகை என்று புட்டியில் விற்கும் செயற்கை வாசனைகள் பலவும் இப்படியே செய்கின்றன. நீலகிரித் தைலம் பெரும்பாலும் சாது. புதிய வாசனை எதையும் முதலில் 200 கிராம் எண்ணெயில் தனியாகச் சோதித்துப் பார்க்காமல் பெரிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டா. ஊற்றும்போதும், குழம்பு மெல்லிய பதத்தில் இருக்கையில், கையால் மட்டுமே கிண்ட வேண்டும். தேன், வெல்லம், பால் ஆகியவை சூட்டைக் கிளப்புவதால் விரைவுபடுத்தும். கடலை மாவும் களிமண்ணும் நீரை உறிஞ்சுவதால் கெட்டியாக்கும்.

பொய்ப் பதம்

மேற்கூறியவற்றுக்கு நேர்மாறான ஒன்றும் உண்டு; ஏமாற்றத்தில் இதுவே பெரிது. மார்கழி விடியற்காலையில் தேங்காயெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் உறைகின்றன. உறையும் நிலையிலுள்ள எண்ணெயில் குளிர்ந்த காரநீரை ஊற்றிக் கடைந்தால், வெண்ணெய்போல் திரண்டு, பதம் வந்ததாகத் தோற்றமளிக்கும். உண்மையில் சோப்பு விளையவே இல்லை, எண்ணெய் உறைந்திருக்கிறது. இதனை வார்த்துவிட்டால், அச்சுக்குள் சூடேறியதும் எண்ணெய் உருகிப் பிரிந்து மேலே மிதக்கும். காரநீர் அடியிலோ நடுவில் குழிகளிலோ தங்கும். சந்தேகம் வந்தால் பாத்திரத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்துக் கிண்டிப் பார்க்க வேண்டும். இளகினால் பொய்ப் பதம். மேலும் இறுகினால் மெய்ப் பதம். பொய்ப் பதத்தை அப்படியே இளக்கிக் கடைந்து முடித்துவிடலாம்.

கெட்டிப்பட்ட பின் செய்வது

முதலில் மின்சார மத்தை நிறுத்த வேண்டும். இளக்கிவிடலாம் என்று தண்ணீரையோ எண்ணெயையோ கண்ணளவாக ஊற்றுவோரைப் பார்க்கிறோம். தண்ணீர் குழம்போடு சேராமல் திட்டுத் திட்டாக நிற்கும். எண்ணெய் சோப்பாகாமல் தங்கிச் சில மாதங்களில் காறி, மேலே பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். குழம்பு எங்கும் ஒரே நிறமாக, நீரோ எண்ணெயோ கசியாமல் இருந்தால், தாமதியாமல் அச்சில் அள்ளிப் போட்டு, அச்சைத் தரையில் நாலைந்து முறை தட்டி, கரண்டியின் புறத்தால் அழுத்திவிட வேண்டும். பார்வைக்கு அழகாயிராது, துவைக்க நன்றாகவே உதவும்.

கசிவு கண்டாலும், குருணைகள் கரையாதிருந்தாலும் அச்சில் போடலாகாது. அதே பாத்திரத்தை வெந்நீர் கொதிக்கும் பெரிய அண்டாவுக்குள் வைத்து மூடி, அவ்வப்போது கிளறி, ஒன்று இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும். முழுதும் ஒரே மாதிரியாகக் கண்ணாடித்தன்மை பெற்று, களிம்பு போல் ஆன பிறகே வார்க்க வேண்டும். நம் கூடத்தில் திரும்பப் பெற்ற சோப்புக்களைச் சீவி, நீர் சேர்த்து இவ்வாறு வேகவைக்கும்போது, மிஞ்சிய சோடாவுக்கு ஈடாக நிறுத்த தேங்காயெண்ணெயைச் சேர்த்தே மீட்டோம்.

எவ்வகையில் வார்த்ததாயினும், கெட்டிப்பட்ட ஈட்டின் சோப்பை நான்கு வாரம் கழித்து நடுவில் வெட்டி, வெட்டுவாயில் ஒரு துளி பினால்ப்தலீன் விட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கலாகாது. நிறம் தோன்றாமலோ வெளிறியோ இருந்தால் கொடுக்கலாம். கருஞ்சிவப்பாக ஓடினால் சோடா மிஞ்சியிருக்கிறது. மறுபடியும் வேகவைக்க வேண்டியதே.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 1957-ல் இயங்கத் தொடங்கிய கதர் கிராமத் தொழில் கமிஷன், உண்ணத்தகாத எண்ணெய்களிலிருந்து சோப்புச் செய்வதைக் கிராமத் தொழில்களுள் ஒன்றாக வளர்த்தது. வேப்பங்கொட்டை பொறுக்குவோருக்கும் அதனால் கூலி கிடைத்தது. ஆனால் நனைந்த கொட்டைக்கும் உலர்ந்த கொட்டைக்கும் ஒரே விலை என்றால் யார்தாம் சிரமப்பட்டுச் சதை நீக்கி உலர்த்துவார்கள்? ஆகையால், வரும் ஆனி மாதக் கொள்முதலிலிருந்து வேப்பெண்ணெயை அமிலச் சோதனை செய்தே விலை வைக்க வேண்டுமென்று நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம். நூற்றுக்கு மூன்றுக்கு உட்பட்ட எண்ணெய்க்குக் கூடுதல் விலை, பத்துக்கு மேற்பட்டதற்குக் காய்ச்சும் சோப்பின் விலை என்பது நம் யோசனை. எண்ணெய் கொண்டுவரும் அங்கத்தினர்கள் சோதனையின்போது உடனிருந்து, சோடா நீர் எத்தனை மில்லி இறங்கியது என்பதைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். விதை உலர்த்தும் தட்டிகள் வேண்டுவோர் வைகாசி முடிவதற்குள் சங்க அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளக் கோருகிறோம்.